ஜெராய் மலையை வலம் வருவோம்!

சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண் வட்டாரத்துத் தோட்டங்களில் எங்கே நின்று பார்த்தாலும் அந்த மலை கண்ணில் படும். காலையில் பெரட்டுக்குப் போகும் வேளையில் உச்சியில் மேகம் தொப்பி போட்டிருக்கும். மாலையில் வெயில் சாயச் சாய நீலமாகிப் பின் கறுத்துவிடும். "மலையில் மழை இறங்கிவிட்டது, கொடியில் கிடக்கும் துணியை எடு" என்று லயத்து வாசலில் நின்று குரல் கொடுத்த தாய்மார்கள் எத்தனை பேர்! நமக்கு அதுதான் வானிலை அறிக்கை.

வாசகர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். அந்த மலையின் மறுபக்கத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தைப்பூசத்துக்குப் பினாங்குக்குப் போகிறோம். பஸ் பிடித்துப் பத்துமலைக்குப் போகிறோம். கொஞ்சம் வசதி வந்தால் தமிழ்நாட்டுக்குப் போய்த் திருவண்ணாமலையில் கிரிவலம் சுற்றுகிறோம். ஆனால் பிறந்தது முதல் கண் முன்னே நிற்கும் ஜெராய் மலையைச் சுற்றி வந்தவர்கள் நம்மில் சிலரே. இதற்குப் பெரிய காரும் வேண்டாம்; பெரும் பணமும் வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ஒரு சைக்கிளும், இரண்டு நாள் ஓய்வும், ஆறு வாரப் பயிற்சியும் இருந்தால் போதும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவே வயலும் தோட்டமுமாக ஏறத்தாழ 95 கிலோமீட்டர். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்தான். நமது சுற்று அதைப்போல் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் நமக்குப் புதிதா?

ஒரு காலத்தில் தோட்டத்து வீட்டில் முதலில் வாங்கிய பெரிய சொத்தே சைக்கிள்தான். இருபுறமும் பால் தோம்பு தொங்க, செம்மண் பாதையில் தொழிற்சாலைக்கு மிதித்துப் போனவர்கள் நம் தாத்தாக்கள். பின் கேரியரில் அரிசி மூட்டை, முன் பாரில் பிள்ளை, கைப்பிடியில் மீன் பொட்டலம் என்று குடும்பத்தையே சுமந்தது அந்த இரும்பு வண்டி.

சைக்கிளில் உலகையே சுற்றியவர்களும் உண்டு. பம்பாயிலிருந்து 1923-இல் கிளம்பிய பார்சி இளைஞர்களில் அடி ஹக்கிம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் உலகைச் சுற்றிவிட்டு 1928-இல் ஊர் திரும்பினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த ராம்நாத் விஸ்வாஸ் என்ற வங்காளி, 1931 ஜூலையில் அங்கிருந்தே சைக்கிளில் கிளம்பி, மலாயா, சயாம், சீனா என்று போய்க்கொண்டே இருந்தார். அவர்களிடம் இருபத்தொரு கியர் வண்டி இல்லை. திட்டமும் பொறுமையும் இருந்தன. அவை நமக்கும் வேண்டும்.

முதல் நாள்: பழைய கடாரம்

எந்தத் திசையில் சுற்றுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மலை எப்போதும் நமது வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுவதே நல்லது. கோயிலை வலம் வரும் முறை அதுதான் என்பது மட்டும் காரணமல்ல. நம் நாட்டில் சாலையின் இடப்புறம்தான் ஓட்டுகிறோம். அப்படிச் சுற்றினால் கடல் நமக்கு இடப்புறமே வரும். நடுவில் எதிர் வண்டிகள் மறைக்காது. முதல் நாள் மாலையில் சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து காலை ஏழரைக்கு, வெளிச்சம் நன்றாக வந்ததும் புறப்படுங்கள். பீடோங் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பழைய பெரிய சடக்கில்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பீடோங் சுற்றுவட்டாரம் நம்மவர்கள் வியர்வை சிந்திய பூமி. ஹார்வர்ட், சுங்கை தோக் பாவாங் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னாலே எத்தனையோ குடும்பங்களுக்கு நெஞ்சு நனையும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. உங்களோடு வரும் பிள்ளைகளிடம் "தாத்தா பால் வெட்டியது இந்தப் பக்கம்தான்" என்று காட்ட, காரைவிடச் சைக்கிள்தான் தோது. வேண்டிய இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம்.

பீடோங்கில் இடப்பக்கம் திரும்பினால் செமிலிங் வழியாக மெர்போக் போகும் சாலை. இனி நீங்கள் மிதிப்பது சாதாரண மண் அல்ல. பழைய கடாரத்து மண்.

செமிலிங்கை அடுத்த சுங்கை பத்துவில், செம்பனைக்கு அடியில் ஒரு பழம்பெரும் தொழிற்பட்டறை புதைந்து கிடந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009 முதல் அங்கே விரிவாகத் தோண்டியபோது, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்களும், படகுத்துறையின் செங்கல் அடித்தளங்களும் வெளிவந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு உருக்கி, ஆற்று வழியே கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் இந்த மண்ணின் மக்கள்.

அடுத்தது மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்றால் பழங்காலக் கோயில். 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் இந்த வட்டாரத்தில் பல கோயில் இடங்களைத் தோண்டிக் கண்டார்கள். இந்தச் சண்டியை 1958 முதல் 1960 வரை அலஸ்டர் லேம்ப் என்பவர் கல் கல்லாக எடுத்து மீண்டும் அடுக்கினார். கருவறையும் அதற்கு முன்னே மண்டபமும் இருந்த அமைப்பு தெளிவாகத் தெரியும். மண்டபத் தூண்கள் மரத்தால் ஆனவை. அவை மக்கிப்போய், தூண் நின்ற கல் அடிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து அமைத்த சண்டிகளையும் காணலாம். இங்கே ஒன்றரை மணி நேரமாவது செலவிடுங்கள்.

நம் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்லி வளர்த்திருக்கிறோம்? "வெள்ளைக்காரன் கூலிக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தான்" என்பதை மட்டும்தான். அது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது முழுக்கதை அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாகப்பட்டினத்துக்கும் கடாரத்துக்கும் கப்பல் போக்குவரத்து இருந்தது. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடு ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் மகன் ராஜேந்திரன் 1025-இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கி, 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். நட்பும் இருந்தது, போரும் இருந்தது. வெற்றிப் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மலையை அடையாளமாக வைத்துக் கடல் கடந்து வந்த மாலுமிகளில் நம் மொழி பேசியவர்களும் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். அதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று தெரிந்துகொள்வது வேறு.

அதையும் தள்ளிப்போட முடியாது. இந்த வட்டாரத்தில் 11-ஆம் எண் கொண்ட சண்டி, நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்து நாடே அதிர்ந்தது. ஆயிரம் ஆண்டு நின்ற கல்லுக்கு ஒரு மண்வாரி இயந்திரம் போதுமானதாக இருந்தது. போய்ப் பார்க்கிற மக்கள் இருந்தால்தான் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவும் ஆள் இருக்கும்.

மெர்போக்கிலிருந்து தஞ்சோங் டாவாய் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மெர்போக் ஆறு பக்காவ் மரக் காடுகளைத் தழுவிக்கொண்டு கடலில் கலக்கும் இடம் இது. மீன்பிடிக் கிராமம். படகுகள் வரிசையாக நிற்கும். நெத்திலியும் கருவாடும் காயும் வாசம் காற்றில் வரும். அக்கரையில் தெரிவது பந்தாய் மெர்டேக்கா. ஆற்றின் குறுக்கே படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருக்கும். நண்பகல் வெயிலில் மிதிக்காதீர்கள். இங்கே சாப்பிட்டு, நிழலில் படுத்து, நான்கு மணிக்குக் கிளம்புங்கள்.

அங்கிருந்து யான் வரை சுமார் 17 கிலோமீட்டர். சுற்றிலேயே அழகான பகுதி இதுதான். வலப்புறம் மலைச்சரிவு, இடப்புறம் கம்பத்து வீடுகள், தென்னை; இடைவெளி கிடைக்கும் போதெல்லாம் கடல். சாலை ஏறும், இறங்கும், பெரிய ஏற்றமில்லை. கடலில் சில தீவுகள் தெரியும். புலாவ் புந்திங் என்றால் கர்ப்பிணித் தீவு. புலாவ் பீடான் என்றால் மருத்துவச்சித் தீவு. புலாவ் தெலோர் என்றால் முட்டைத் தீவு. ஏன் இந்தப் பெயர்கள் என்று கம்பத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். தேநீர்க் கடையில் அரை மணி நேரம் போவதே தெரியாது.

யானில் இரவு தங்குங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் கடற்கரையில் உட்கார்ந்தால் சூரியன் கடலில் முழுகுவதைப் பார்க்கலாம். தோட்டத்தில் நமக்குச் சூரியன் எப்போதும் மலைக்குப் பின்னால்தான் மறைந்தது. அது எங்கே போனது என்பதை அன்றுதான் காண்பீர்கள்.

இரண்டாம் நாள்: வயலும் பழைய சடக்கும்

யானில் தித்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி போன்ற நீர்வீழ்ச்சிகள் மலையடிவாரத்திலேயே உள்ளன. காலையில் குளிக்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். அப்போது திடீரென்று வெள்ளம் பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெபாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்டு 18-இல் இந்த மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யானிலும் மெர்போக்கிலும் வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களையும் பலிகொண்டது. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, துணியைக்கூட எடுக்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். மலை உச்சி கறுத்திருந்தால் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

யானிலிருந்து குவார் செம்பெடாக் வரை சுமார் 13 கிலோமீட்டர். வடக்கே கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல். 1970 வாக்கில் பெடு, மூடா அணைகளின் நீர் வந்த பிறகு இந்தச் சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1885-இல் தொடங்கி, அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான வாய்க்காலை வெட்டுவித்தார் வான் முகமட் சமான் என்ற கெடா முதலமைச்சர். சட்டியில் இருக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

குவார் செம்பெடாக்கில் மீண்டும் பழைய பெரிய சடக்கு. அங்கிருந்து குரூண் 7 கிலோமீட்டர். இதே சடக்கில்தான் 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தது, அதுவும் பலர் சைக்கிளில்! ஜித்ராவில் தோற்றுப் பின்வாங்கிய 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு, டிசம்பர் 14, 15 தேதிகளில் மலையடிவாரத்துக் குரூணில் தடுத்து நின்று பார்த்தது; முடியவில்லை. பிறகு தோட்டத்து மக்கள் பட்ட பாடு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆயிரமாயிரமாய் நம்மவர்களைக் கொண்டுபோனார்கள். வடக்கே சயாமுக்குப் போகும் ரயில் பாதை இந்தக் குரூண் வழியாகத்தான் போகிறது. ரயில் நிலையத்தருகே சற்று நின்று, திரும்பி வராதவர்களை நினைத்துக்கொண்டு மிதியுங்கள்.

குரூணிலிருந்து பீடோங், பிறகு சுங்கைப்பட்டாணி, மொத்தம் 23 கிலோமீட்டர். லாரிகள் நிறைய ஓடும் பகுதி. ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல் போக வேண்டும்.

உச்சிக்கு ஏற வேண்டுமா?

ஜெராய் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். குரூண் பக்கத்திலிருந்து தார்ச்சாலை மேலே போகிறது. பத்து கிலோமீட்டருக்கு மேல் விடாத ஏற்றம். அதை ஏற ஆசைப்படுபவர்கள் மூன்றாவது நாள் ஒன்றை ஒதுக்க வேண்டும். கியர் இல்லாத வண்டியில் முயல வேண்டாம்.

காரணம் எளிது. சாதாரணச் சைக்கிளில் முன் சக்கரப் பல் 44, பின் பல் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். சமதரையில் அது சரி. மலையில் முழங்கால் தாங்காது. கியர் வண்டியில் முன்னும் பின்னும் 28 பல் என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான் போகும். மெதுவாகத்தான் நகரும், ஆனால் ஏறும். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்தால் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று ஆற விட வேண்டும். பிரேக்கில் சந்தேகம் இருந்தால் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆறு வாரத் தயாரிப்பு

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் 10 கிலோமீட்டர். அடுத்த இரண்டு வாரம் 20. ஐந்தாவது வாரம் ஒரே நாளில் 40. ஆறாவது வாரம் சும்மா உடம்பைத் தளர்த்தும் அளவுக்கு 10 போதும். மூட்டையைக் கட்டிக்கொண்டே பழகுங்கள்; வெறும் வண்டியும் சுமை ஏற்றிய வண்டியும் ஒன்றல்ல. இருக்கையைச் சரியான உயரத்துக்கு ஏற்றுங்கள். மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் தாழ்ந்த இருக்கைதான்.

ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். அவர்களில் பெரியவர்கள் இருவராவது இருக்கட்டும். ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில். மெதுவாக மிதிப்பவருடைய வேகம்தான் குழுவின் வேகம். சராசரி மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள்.

குழுவுக்கு இரண்டு உபரி டியூப், பங்சர் ஒட்டும் சாமான், பம்பு, ஸ்பேனர். ஆளுக்கொரு தலைக்கவசம், பளிச்சென்ற நிறத்தில் சட்டை, பின்விளக்கு, மழைச்சட்டை. தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல். வியர்வையோடு உப்பும் போய்விடும் என்பதால் உப்பிட்ட மோரோ பார்லித் தண்ணீரோ நல்லது. புளிச்சோறு, அவல், வாழைப்பழம், வேர்க்கடலை — இவற்றை மிஞ்சிய பயண உணவு கடையில் விற்கும் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. பசிக்கும் முன் சாப்பிடுங்கள். தாகம் எடுக்கும் முன் குடியுங்கள்.

காலம் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள். கெடாவில் மழை குறைவான பருவம் அது. செப்டம்பர், அக்டோபரைத் தவிர்த்துவிடுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை வெளியூரிலிருந்து வருபவர்கள் நினைவில் வையுங்கள். வெள்ளி நண்பகலில் கம்பத்துக் கடைகள் மூடியிருக்கும். தங்கும் இடத்தையும் அருங்காட்சியக நேரத்தையும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். அவசர உதவிக்கு 999.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"பிள்ளையைச் சடக்கில் விட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்?" என்று கேட்கும் தாயின் பயம் நியாயமானது. வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்கு முன், வழித்தாளை வாங்கிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எந்த ஊர், எங்கே சாப்பாடு, எங்கே தூக்கம், யாருடைய பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? ஆறு வாரமும் ஒழுங்காகப் பழகினானா? இருந்தால் நம்பி அனுப்புங்கள். இல்லையென்றால் அதைச் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். மகன்களுக்கு மட்டும் அல்ல, மகள்களுக்கும் இதே அளவுகோல்தான். இன்னும் நல்லது, அப்பாவோ மாமாவோ சித்தியோ கூடவே மிதித்துப் போவது.

அந்தி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வெறுமனே சுற்றித் திரியும் இளைஞர்களைப் பற்றிக் கவலைப்படுகிறோம். அவர்களுக்குக் கடினமான, கௌரவமான ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தோமா? சொந்தக் காலால் 95 கிலோமீட்டரைக் கடந்து, ஆயிரம் ஆண்டுக் கல்லைத் தொட்டுவிட்டு வருகிற பிள்ளை, "எங்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்று அதன்பின் எளிதில் கேட்க மாட்டான்.

தோட்டங்கள் கைமாறலாம், லயங்கள் இடிபடலாம், பால்மரம் போய் அடுக்குமாடி வரலாம். மலை அங்கேயேதான் நிற்கும். இந்த வாரமே சைக்கிளை வெளியே எடுத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். இன்று பத்து கிலோமீட்டர் போதும்.